ஒறம்பரைக்காக எடுத்த அறையும் பாதியாய் வந்த காப்பீடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லடம் பக்கத்தில் ஏழு மிஷின் போட்டு, திருப்பூர் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. உங்கள் பேப்பர் எங்கள் யூனிட்டுக்குத் தினமும் வரும், பத்தரை மணி டீக்கு மிஷினை நிறுத்தும்போது ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் வெட்டிவிடாதீர்கள், ஏனென்றால் இதில் உள்ள கணக்கு முழுசாக வந்தால்தான் படிக்கிற நாலு பேருக்குப் பிரயோசனம்.

2025 ஜூன் மாதம் ஒரு ராத்திரி, சாப்பிட்டுப் படுத்த எங்க வீட்டுக்காரர் நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்குது என்று எழுந்து உட்கார்ந்தார். வாயுவாக இருக்கும் என்று நானும் ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் பனியன் முழுக்க வேர்த்து நனைந்துவிட்டது, இடது கை தூக்க முடியவில்லை என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரை எடுத்தார், கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆஞ்சியோ செய்து பார்த்ததில் ஒரு அடைப்பு, அன்று இரவே ரத்தக் குழாயை விரித்து வைக்கிற ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், இன்றைக்கு அவர் நல்லபடியாக இருக்கிறார், காலையில் எனக்கு முன்னாடி எழுந்து ஷட்டரைத் திறக்கிறார்.

நான் சொல்ல வந்தது கவுன்டரில் நடந்தது. ராத்திரி ஒரு மணி இருக்கும். அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், நான் செருப்புக்கூட போடாமல் நிற்கிறேன். கவுன்டரில் இருந்த பிள்ளை, "இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டது. "இருக்குதுங்க கண்ணு, மூணு லட்சத்துக்கு" என்றேன். "அப்ப ஐசியுல இருந்து வந்ததுக்கு அப்புறம் ரூம் எது வேணுங்க? ஷேரிங் மூவாயிரம், சிங்கிள் ஏசி ஆறாயிரம்" என்றது. எங்க நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்தில் இருந்தவர், "ஒறம்பரை பூராவும் பார்க்க வருவாங்க, நாலு பேரு படுத்திருக்கிற ரூம்ல எங்க உட்கார வெப்ப? சிங்கிளே சொல்லு" என்றார். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் சொந்தபந்தம். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிதானே கட்டப்போகிறது, வருடா வருடம் தவறாமல் பணம் கட்டியிருக்கிறோமே என்று சிங்கிள் ஏசி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நங்கையாவைக் குறை சொல்லவில்லை. நம்ம பக்கத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஊரே வந்து பார்க்கும், வராவிட்டால்தான் மனத்தாங்கல். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் சன்னல் ஓரம் அடுக்கி வைத்திருந்தோம், வந்தவர்களுக்குப் பிளாஸ்கில் காபி வாங்கி வந்து கொடுத்தோம். அது அன்புதான். அந்த அன்புக்காக நாங்கள் எடுத்த அறை எங்களுக்கு என்ன செலவு வைத்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அறைக்கு வந்த நாலாம் நாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியிடமிருந்து ஒப்புதல் வந்து பில் கையில் கிடைத்தபோது மாலை ஏழு. ஐசியு போக 2,24,000 ரூபாய். கம்பெனி ஒத்துக்கொண்டது 1,12,000. மீதி 1,12,000 நாங்கள் கட்ட வேண்டும். மூணு லட்சத்துக்குப் பாலிசி, பில்லோ இரண்டேகால் லட்சம்கூட இல்லை, பிறகு எப்படிப் பாதி? கவுன்டரில் கேட்டதற்கு, "ரூம் ரென்ட் அதிகமா எடுத்துட்டீங்க, அதனால புரொப்போர்ஷனேட்டா கட் பண்ணிட்டாங்க" என்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சனிக்கிழமை கூலிக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தை மகன் கொண்டுவந்தான், பத்தாததற்கு என் சங்கிலி பல்லடத்தில் அடகுக்குப் போனது, அப்படித்தான் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

பி.காம். படிக்கிற மகள் இரண்டு ராத்திரி உட்கார்ந்து அந்த இங்கிலீஷ் பாலிசி புத்தகத்தை முழுக்கப் படித்தாள். அவள் எனக்கு நோட்டில் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன், இதே மாதிரிப் பாலிசி வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டுப் பாலிசியோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம்தான். மூணு லட்சத்துக்கு ஒரு சதவீதம் மூவாயிரம். நாங்கள் எடுத்தது ஆறாயிரம். நானாக இருந்தால், மிச்சம் மூவாயிரத்தை நாள் கணக்குக்கு நாம் கட்டினால் முடிந்தது என்றுதான் நினைத்திருப்பேன், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அனுமதித்தது மூவாயிரம், எடுத்தது ஆறாயிரம், அதாவது பாதி, ஆகவே டாக்டர் பீஸ், நர்சிங், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் என்று அறையோடு சேர்ந்து ஏறுகிற எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள். சிங்கிள் ரூமில் படுத்தால் அதே டாக்டருக்கு அதே வேலைக்கே பீஸ் அதிகம், அதனால்தான் இந்த விதியாம்.

ஆனால் மகள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். மருந்து, உடம்புக்குள் வைக்கிற ஸ்டென்ட் மாதிரியான பொருள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இவையெல்லாம் எந்த அறையில் படுத்தாலும் ஒரே விலைதான், அதனால் இவற்றில் அப்படி விகிதம் போட்டு வெட்டக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே சொல்லியிருக்கிறது, பாலிசியிலும் அது அச்சாகியிருக்கிறது. ஐசியு கட்டணத்திலும் வெட்டக்கூடாது. அறைக்கு அறை டாக்டர் பீஸ் மாறாத சின்ன ஆஸ்பத்திரி என்றால் அங்கே இந்த வெட்டே செல்லாது. எங்கள் பில்லில் ஐசியு கணக்கு தனியாகத் தீர்ந்துவிட்டது, அதை விட்டுவிடுகிறேன். மீதியில் அறை 24,000, டாக்டர் பீஸும் தியேட்டரும் நர்சிங்கும் 1,10,000, ஸ்டென்ட்டும் மருந்தும் பரிசோதனையும் 90,000. கம்பெனி மூன்றையும் கூட்டிப் பாதியாக்கிவிட்டது. விதிப்படி அறைக்கு 12,000, டாக்டர் வகையறாவுக்கு 55,000, ஸ்டென்ட் மருந்துக்கு முழு 90,000 என்று 1,57,000 வந்திருக்க வேண்டும். எங்களுக்கு 45,000 ரூபாய் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மகள் மெயில் போட்டாள், பில்லையும் பாலிசியில் அந்தப் பத்தி இருக்கிற பக்கத்தையும் போட்டோ எடுத்து இணைத்து, ஒரே பக்கத்தில், கோபப்படாமல். மூன்று வாரத்தில் 45,000 கணக்கில் ஏறியது. நாங்கள் கேட்டதால் வந்தது. கேட்காமல் விட்ட குடும்பங்கள் எத்தனை இருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்படிக் கேட்டும் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால், முப்பது நாள் பார்த்துவிட்டு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது, ஆன்லைனிலும் மனுக் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணம் ஒரு பைசா கிடையாது, 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்கை எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அதற்கு முன்னாடி ஆணையத்தின் 155255 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகாரைப் பதியலாம். அப்புறம் அந்த டிஸ்சார்ஜ் நேரம். பில் அனுப்பி மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும், தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதாவது போட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்று 2024 மே மாதமே ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. காலை பத்திலிருந்து மாலை ஏழு வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று இது தெரியாது.

சரி, இத்தனையும் யாராவது எனக்கு முன்கூட்டியே தமிழில் சொல்லியிருந்தால்? ஏஜென்டிடம் கேட்டேன். "பாலிசியிலயே இருக்குதுங்களே அக்கா" என்றார். இருக்கிறதுதான், இங்கிலீஷில், பொடி எழுத்தில், இருபதாவது பக்கத்துக்கு மேலே. ஏழாவது வரை படித்த நான் அதை என்றைக்குப் படிப்பது?

இப்போது நான் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியும் பாலிசியோடு இதைப் புது வடிவத்தில் எளிய சொற்களில் தர வேண்டும். எவ்வளவு தொகைக்கு, எதற்கெல்லாம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், அறை வாடகை மாதிரி உச்சவரம்பு எது எது, புகார் சொல்ல யாரைப் பார்ப்பது, எல்லாம் சில பக்கத்துக்குள். நாம் கேட்டால் நம் மொழியிலேயே தர வேண்டும். கேட்டால் என்பதுதான் விஷயம், கேட்காவிட்டால் இங்கிலீஷில்தான் வரும்.

அக்டோபரில் பாலிசி புதுப்பிக்கும்போது தமிழில் கொடுங்கள் என்று கேட்டேன். அப்படி யாரும் கேட்டதில்லைங்களே என்றார்கள். மறுபடி மெயில் போட்டோம், வந்தது. பிரிண்ட் எடுத்து யூனிட்டில் டீ நேரத்தில், உங்கள் பேப்பரைப் படிக்கிற மாதிரியே, வரி வரியாகச் சத்தமாகப் படித்தோம். அறை வாடகை என்று வந்ததும் ஓவர்லாக் தைக்கிற அக்கா, "இத்தனூண்டு வரிக்காங்க உங்க சங்கிலி போச்சு?" என்று கேட்டார். ஆமாம், அந்த ஒரு வரிக்குத்தான்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் அறை வாடகைக்கு வரம்பே இல்லாத, ஐந்து லட்சத்துக்கான பாலிசியாக மாற்றினோம். பிரீமியம் கூடத்தான் செய்தது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி அறவே கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள் அல்லவா, இருபதாயிரம் பிரீமியம் என்றால் முன்பு 3,600 ரூபாய் வரியாகவே போயிருக்கும், அந்த மிச்சம் இதற்கு உதவியது. அதற்கு மேல் பெரிய வியாதி வந்தால் என்ன செய்வது என்று பயப்படுபவர்கள் இன்னொரு முழுப் பாலிசி எடுக்க வேண்டாம், சூப்பர் டாப் அப் எடுத்தால் போதும். முதல் ஐந்து லட்சத்தைப் பழைய பாலிசியோ நம் கையோ பார்த்துக்கொள்ளும், அதைத் தாண்டுவதை இது தரும், அதனால் விலை மலிவு. வெறும் டாப் அப் என்று ஏஜென்ட் சொன்னால் நிறுத்திக் கேளுங்கள், அது ஒவ்வொரு முறை படுக்கும்போதும் தனித்தனியாக அந்த ஐந்து லட்சத்தைத் தாண்டியதா என்று பார்க்கும், சூப்பர் என்றால் வருடம் முழுக்க ஆன செலவைச் சேர்த்துப் பார்க்கும். பாலிசி கைக்கு வந்தபின் பிடிக்கவில்லை என்றால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அந்த முப்பது நாள் படிக்கத்தான் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி மாற நினைத்தால் புதுப்பிக்கிற தேதிக்கு இரண்டு மாதம் முன்னாடியே பேச ஆரம்பியுங்கள், காத்திருந்த காலம் வீணாகாமல் கூடவே வரும்.

இன்னொன்று, சர்க்கரை. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் எங்கள் அண்ணன் விஷயம். காங்கேயத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். பாலிசி எடுக்கும்போது ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். "எழுதினா பிரீமியம் ஏறும், இல்லைன்னே போட்டுக்கலாம்" என்று ஏஜென்ட் சொல்ல, அண்ணன் வெறும் படிவத்தில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்துக் களத்தில் தேங்காய்த் தொட்டி குத்திக் கால் புண்ணாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். டாக்டர் எத்தனை வருடமாகச் சர்க்கரை என்று கேட்டார், அண்ணன் எட்டு வருடம் என்று உண்மையைச் சொன்னார், கேஸ் ஷீட்டில் ஏறியது. கம்பெனி அந்தத் தாளைக் காட்டி ஒரு ரூபாய்கூடத் தராமல் பாலிசியையும் ரத்து செய்துவிட்டது. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. கையெழுத்து அண்ணனுடையது, என்ன பேச முடியும்?

ஏற்கனவே உள்ள வியாதிக்கு முன்பு நாலு வருடம் வரை காத்திருக்க வைக்கலாம், 2024 ஏப்ரல் முதல் அதை அதிகபட்சம் மூன்று வருடமாக்கிவிட்டார்கள். சொல்லிவிட்டு எடுத்திருந்தால் பாலிசியாவது நின்றிருக்கும், மூன்று வருடம் முடிந்தபின் காலுக்கும் கிடைக்கும், கண்ணுக்கும் கிடைக்கும். ஐந்து வருடம் விடாமல் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, அதைச் சொல்லவில்லை இதைச் சொல்லவில்லை என்று கம்பெனி மறுக்கவும் முடியாது. அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்குப் பாலிசியே கிடையாது என்று சொல்வதும் இப்போது இல்லை, ஒவ்வொரு வயதுக்கும் பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று விதி. படிவத்தை ஏஜென்ட் நிரப்பட்டும், ஆனால் நிரப்பிய பிறகு நம் பிள்ளைகளில் ஒருவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம், ஓடிபி வந்தால் அதையும் சொல்ல வேண்டாம், இப்போது ஓடிபிதான் கையெழுத்து.

தனியார் பாலிசி எல்லாருக்கும் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களிடம் செக்கிங் பார்க்கிற அக்காவின் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் பாடு நடந்து முடிந்ததும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். பழைய கலைஞர் காப்பீட்டு அட்டை எங்கோ இருந்தது, தொலைந்துவிட்டது என்றார். அது 2009இல் வந்தது, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று மாறிவிட்டது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் போதும், குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை, நாம் கட்ட வேண்டிய பிரீமியம் எதுவும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க ஒரு வாரம் ஆனது. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, பல்லடம் ரோட்டில் இருக்கிற கலெக்டர் ஆபீசுக்கு நானே ஒரு திங்கட்கிழமை அவர்களைக் கூட்டிப் போனேன், போட்டோ எடுத்துப் பதிந்தார்கள். அரை நாள் கூலி போச்சே என்று அக்காவின் வீட்டுக்காரர் திரும்பி வரும்போது பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

செப்டம்பரில் அவருக்கும் நெஞ்சு வலி. கோவை அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள், அங்கேயும் ஆஞ்சியோ, அங்கேயும் ஸ்டென்ட். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். அக்கா கையிலிருந்து செலவானது பஸ் சார்ஜும் சாப்பாடும்தான். எங்க வீட்டுக்காரருக்கும் அவருக்கும் ஒரே வியாதிதான், நான் கடைசியில் 67,000 கட்டியிருக்கிறேன். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் நம்ம மாவட்டங்களில் நிறைய இருக்கின்றன, ஆனால் எல்லா வைத்தியத்துக்கும் எல்லா ஆஸ்பத்திரியிலும் செல்லாது, 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ரோட்டில் அடிபட்டால் அட்டைகூடத் தேவையில்லை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்கிறது, யாராக இருந்தாலும். பல்லடம் ரோட்டில் தினமும் டூ வீலரில் போய் வருகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

திருப்பூர்க்காரர்களுக்கு, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கம்பெனி என்றால், மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. போட்டே ஆக வேண்டும். நம் சம்பளத்தில் முக்கால் சதவீதம், முதலாளி மூன்றேகால் சதவீதம். பதினாலாயிரம் சம்பளத்துக்கு நம் கையிலிருந்து 105 ரூபாய், முதலாளி 455. அந்த 105 ரூபாய்க்கு நமக்கும் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும், நம்மை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் வைத்தியம், இத்தனை லட்சம்தான் என்ற வரம்பு இல்லாமல். உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாத நாளுக்கு எழுபது சதவீதக் கூலி, வருடத்தில் 91 நாள் வரை. பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தபோது நானே, "பிடித்தம் வேண்டாங்க, கையிலயே கொடுத்துருங்க" என்று கேட்ட ஆள். கான்ட்ராக்டர் சந்தோஷமாகச் சரி என்றார், அவர் கட்ட வேண்டிய பங்கு அவருக்கு மிச்சம். என் பிரசவத்துக்குக்கூட நான் கடன் வாங்கினேன். இன்றைக்கும் பீஸ் ரேட் தைக்கிற பெண்கள் அதே வார்த்தையைச் சொல்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கிறது. உங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று இந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது கேளுங்கள். எங்களிடம் ஏழு பேர்தான், சட்டப்படி எங்களுக்கு அது கட்டாயமில்லை, அதனால்தான் ஒவ்வொருவருக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு நானே அலைந்தேன், ஆறு பேருக்கு வாங்கியாகிவிட்டது, ஒருவருக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்தம் நிற்கிறது.

மாத்திரைச் செலவு மாதா மாதம் வருவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று மெடிக்கலில் மாதம் 1,900 ஆகிக்கொண்டிருந்தது. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயர்தான் இருக்கும், உள்ளே இருக்கிற மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன், அவர் சிரித்தபடியே எழுதிக் கொடுத்தார். அதே மருந்து, அதே மில்லிகிராம், மக்கள் மருந்தகத்தில் 560 ரூபாய். முதல்வர் மருந்தகமும் 2025 பிப்ரவரியில் ஆரம்பித்திருக்கிறார்கள், அங்கேயும் விலை குறைவு. ஸ்டென்ட் வைத்தவர்கள் மட்டும் டாக்டரிடம் காட்டாமல் மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம், மாற்றி வாங்கியதைக் கொண்டுபோய் அவரிடமே காட்டிவிடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். எங்க அத்தைக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள், 2021இலிருந்து நடக்கிறது, கௌரவம் பார்த்து வாங்காமல் இருக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஸ்டென்ட்டுக்கும் விலை உச்சவரம்பு இருக்கிறது, 2017 பிப்ரவரியில் மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தது, 2018இல் கொஞ்சம் குறைந்தது, பிறகு ஏறியிருக்கிறது, 2017க்கு முன் லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள், டப்பாவின் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த வாடிக்கையாளர் தகவல் தாள் தமிழில் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரியை, கம்பெனிப் பெயர் இல்லாமல், அரைப் பக்கத்துக்குப் போடுங்கள். எந்த வரியை முதலில் பார்க்க வேண்டும் என்று ஓரத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள், அறை வாடகை வரிக்குப் பெரிய அம்பாகப் போடுங்கள். வெட்டி யூனிட் சுவரில் ஒட்டுவதற்கு நாங்கள் தயார், பக்கத்து யூனிட்டுக்கும் சேர்த்து ஐந்து பேப்பர் அன்றைக்கு வாங்கிக்கொள்கிறேன். கோவை, ஈரோடு, திருப்பூர் மருத்துவமனைக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி ஒரு மணிக்கு உங்கள் கவுன்டரில் நிற்கிற பெண்ணிடம் ரூம் எது வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், "உங்க பாலிசியில ரூம் வாடகை எவ்வளவு வரைக்குங்க, நாங்களே பார்த்துச் சொல்றோம்" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பாலிசியைப் பார்த்துச் சொல்வது உங்களுக்குச் சின்ன வேலை. அன்று அந்தப் பிள்ளை அதைச் சொல்லியிருந்தால் நாங்கள் மூவாயிரம் ரூபாய் அறையில் இருந்திருப்போம், வந்த ஒறம்பரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் அண்ணனுக்கு இப்போது வேறொரு கம்பெனியில் பாலிசிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். படிவத்தை என் மகள் நிரப்பினாள். சர்க்கரை, எட்டு வருடத்துக்கு மேல், போடுகிற மாத்திரை இது, காலில் புண் ஆறிய வருடம் இது என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறது. பிரீமியம் கூடத்தான் சொல்கிறார்கள், மூன்று வருடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். சரி என்றிருக்கிறார். தகவல் தாளைத் தமிழில் கேட்டு நேற்று மெயில் போயிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.